நியூயார்க் தீயணைப்புப் படகுப் பிரிவு

நியூயார்க் தீயணைப்புப் படகுப் பிரிவு என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறையில், துறைமுகத்திலும் ஆற்றங்கரைகளிலும் கப்பல்களிலும் ஏற்படும் தீயை நீரில் இருந்தபடியே அணைக்கும் பிரிவாகும். 1875 ஆம் ஆண்டில் நகரம் தனக்கெனக் கட்டிக்கொண்ட முதல் நீராவிப் படகிலிருந்து இதன் தொடர்ச்சியான வரலாறு தொடங்குகிறது. ஒரு காலத்தில் பத்துப் படகுகள் வரை கொண்டிருந்த இப்பிரிவு, சரக்குக் கப்பல்கள் மன்ஹாட்டனை விட்டு நீங்கிய பின் மிகவும் சுருங்கியது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் மன்ஹாட்டனின் தென்பகுதியில் நிலத்தடி நீர்க்குழாய்கள் உடைந்தபோது, ஹட்சன் ஆற்று நீரை இறைத்துத் தரைப்படைக்குக் கொடுத்தவை இப்பிரிவின் படகுகளே. அவற்றுள் ஒன்று, பணியிலிருந்து நீக்கப்பட்டு ஏழு ஆண்டுகள் ஆகியிருந்த பழைய படகு.

படகின் தேவை

மன்ஹாட்டன் ஒரு தீவு. அதன் மேற்கே ஹட்சன் ஆறும் கிழக்கே ஈஸ்ட் ஆறும் ஓடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விரு கரைகளிலும் நூற்றுக்கணக்கான இறங்குதுறைகள் ஆற்றுக்குள் நீண்டிருந்தன. பெரும்பாலானவை மரக்கால்களின் மீது மரப்பலகைகள் பரப்பிக் கட்டப்பட்டவை. மேலே பஞ்சுப் பொதியும் எண்ணெய்ப் பீப்பாயும் குவிந்திருக்கும். கீழே தார் பூசிய மரக்கால்கள். தீ பலகையின் அடிப்புறம் ஏறிவிட்டால் அது கால்களின் ஊடே துறை முழுவதும் ஓடும். கரையில் நிற்கும் வண்டியின் நீர் பலகையின் மேற்புறத்தை மட்டுமே நனைக்கும். அடிப்புறத்தை எட்ட ஆற்றிலிருந்துதான் பீய்ச்ச வேண்டும்.

இரண்டாவது காரணம் நீரின் அளவு. தரையில் ஓடும் வண்டி தெருக்குழாய் தரும் நீரைத்தான் இறைக்க முடியும். படகோ தன் அடிப்புறத்திலுள்ள உறிஞ்சுவாய்கள் வழியாக, தான் மிதக்கும் நீரையே எடுத்துக்கொள்கிறது. பம்பின் ஆற்றலைத் தவிர அதற்கு வேறு வரம்பில்லை. நிமிடத்துக்கு 18,000 அமெரிக்கக் கலன், அதாவது சுமார் 68,000 லிட்டர், இறைக்கும் படகு 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஐந்தை ஒவ்வொரு நிமிடமும் காலி செய்வதற்கு மேலான வேலையைச் செய்கிறது.

இதனால் தீயணைப்புப் படகுக்கு இரண்டு தொழில்கள் உண்டு. ஒன்று, தளத்திலுள்ள பெரிய நீர்பீய்ச்சிகளால் தீயை நேரடியாகத் தாக்குவது. மற்றொன்று, குழாய்களை இணைத்துக் கரையிலுள்ள வீரர்களுக்கு நீர் அனுப்பும் மிதக்கும் நீரேற்று நிலையமாக இருப்பது. படங்களில் எப்போதும் இடம்பெறுவது முதலாவது. நகரத்தைக் காப்பாற்றியதில் இரண்டாவதன் பங்கும் குறைந்ததன்று.

தொடக்கம்

நியூயார்க்கில் 1800 ஆம் ஆண்டளவிலேயே, தட்டையான படகொன்றின் மேல் கைப்பம்பு பொருத்திய மிதவைப் பொறி இருந்தது. தன்னார்வத் தீயணைப்பாளர்கள் அதைத் துடுப்புப் போட்டுத் தீ இருக்குமிடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்; சென்றபின் அதே கைகளால் பம்பையும் இயக்க வேண்டும். ஆற்றின் நீரோட்டத்துக்கு எதிரே இது எவ்வளவு கடினம் என்பதை விளக்கத் தேவையில்லை. இது நீண்ட காலம் நிலைக்கவில்லை.

1865 இல் தன்னார்வக் குழுக்களுக்குப் பதிலாக ஊதியம் பெறும் தீயணைப்புத் துறை அமைந்தது. அடுத்த ஆண்டே ஜான் ஃபுல்லர் என்ற நீராவி இழுவைப் படகு வாடகைக்கு அமர்த்தப்பட்டது. தீப்பிடித்த கப்பலுக்கு அழைக்கும்போது மட்டும் அது வரும். நகரத்துக்குச் சொந்தமான முதல் படகு, 1875 இல் பணியில் சேர்ந்த வில்லியம் எஃப். ஹாவ்மேயர். முந்தைய ஆண்டு பதவியிலிருக்கும்போதே இறந்த மேயரின் பெயர் அதற்கு இடப்பட்டது. மேயர்களின் பெயரைச் சூட்டும் வழக்கம் இதன்பின் பல படகுகளுக்குத் தொடர்ந்தது.

1880களில் இரும்பு உடல் கொண்ட சோஃபார் மில்ஸ் சேர்ந்தது. பழைய தன்னார்வத் தீயணைப்பாளர் ஒருவரின் பெயரைத் தாங்கிய இப்படகு 1934 வரை அரை நூற்றாண்டு உழைத்தது. 1891 இல் வந்த தி நியூயார்க்கர் நிமிடத்துக்கு 13,000 கலன் இறைக்கவல்லது. அக்காலத்தில் உலகின் ஆற்றல்மிக்க தீயணைப்புப் படகாகக் கருதப்பட்டது. அது மன்ஹாட்டனின் தென்முனையில் காசில் கார்டன் அருகே நின்றது. முந்தைய ஆண்டு வரை ஐரோப்பாவிலிருந்து வந்த குடியேறிகள் இறங்கிய இடம் அதுவே. 1898 இல் புரூக்ளின் நியூயார்க்குடன் இணைந்தபோது அந்நகரத்தின் படகுகளும் இத்துறைக்கு வந்தன.

துறையின் கணக்கில் ஒவ்வொரு படகும் அதன் ஆட்களும் சேர்ந்து, தரையிலுள்ள பொறிக்குழுக்களைப் போலவே எண்ணிடப்பட்ட ஒரு குழுவாகும். தி நியூயார்க்கர் 57 ஆம் பொறிக்குழுவின் படகு. படகு பழுதாகி உடைக்கப்படலாம். குழு வேறு படகுக்கு மாறித் தொடரும். 1959 இல் இக்குழுக்கள் பொறிக்குழு என்ற பெயரை விட்டுக் 'கடற்குழு' எனப் பெயர் மாறின. படகில் அதிகாரி, தீயணைப்பாளர்கள் தவிர, சுக்கான் பிடிக்கும் வழிச்செலுத்துநரும் இயந்திர அறையில் பொறியாளர்களும் இருப்பர். இப்பிரிவின் இரு முக்கியப் படகுகளின் பெயர்கள் இவ்விரு பணிகளில் இருந்தவர்களிடமிருந்து வந்தவை என்பதைக் கீழே காணலாம்.

இரண்டு பேரழிவுகள்

1900 ஜூன் 30 அன்று, ஹட்சன் ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள ஹோபோக்கனில், ஜெர்மானியக் கப்பல் நிறுவனமொன்றின் இறங்குதுறையில் பஞ்சுப் பொதிகளில் தீப்பற்றியது. துறைகளும் மூன்று பெரிய கப்பல்களும் எரிந்தன. சாலே என்ற கப்பல் கயிறறுந்து எரிந்தபடியே ஆற்றில் மிதந்துவந்தது. அதன் உள்தட்டுகளில் அகப்பட்டோர் வட்டச் சன்னல்கள் வழியாகத் தலையையும் கையையும் நீட்டினர்; உடல் நுழைய வழியில்லை. அருகே வந்த படகுகளால் அவர்களைப் பார்க்க முடிந்தது, வெளியே எடுக்க முடியவில்லை. 300-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. கப்பல் சன்னல்கள் ஆள் நுழையும் அளவுக்குப் பெரியனவாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு இந்நிகழ்வு வலுவூட்டியது.

1904 ஜூன் 15 அன்று, தேவாலய உலாவுக்காகப் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிச்சென்ற ஜெனரல் ஸ்லோகம் என்ற உல்லாச நீராவிக் கப்பல் ஈஸ்ட் ஆற்றில் தீப்பற்றியது. கப்பலிலிருந்த குழாய்கள் நீரின் அழுத்தம் தாங்காமல் வெடித்தன. மிதவைச் சட்டைகள் பல ஆண்டுகளாக மட்கிப் போயிருந்தன. சோஃபார் மில்ஸ் உள்ளிட்ட படகுகள் உதவிக்கு விரைந்தன. எனினும் புகை தெரிந்த சில நிமிடங்களிலேயே கப்பலின் பெரும்பகுதி நெருப்பாகிவிட்டிருந்தது. இறந்தோர் 1,021 பேர். 2001 வரை நியூயார்க் நகரத்தில் ஒரே நாளில் மிகுதியான உயிர்களைப் பலிகொண்ட நிகழ்வு இதுவே. எத்தனை ஆற்றல்மிக்க பம்பு வைத்திருந்தாலும், கப்பலுக்குள் இருக்க வேண்டிய பாதுகாப்புக்குப் படகு ஈடாகாது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டின.

நீராவியிலிருந்து மாற்றம்

நீராவிப் படகுகளுக்கு ஒரு குறை இருந்தது. படகைச் செலுத்தவும் பம்பை இயக்கவும் ஒரே கொதிகலனின் நீராவி பங்கிடப்பட்டது. நீர் பீய்ச்சும்போது அதன் எதிர்விசை படகைப் பின்னுக்குத் தள்ளும். அதைத் தாங்கி நிற்க உந்துதல் வேண்டும். உந்துதலுக்கு நீராவி எடுத்தால் பம்பு தளரும். மேலும், அழைப்பு வந்த நிமிடமே புறப்படுவதற்காகக் கொதிகலனை இரவும் பகலும் சூடாகவே வைத்திருக்க வேண்டியிருந்தது.

1930 பிப்ரவரி 11 அன்று, மன்ஹாட்டன் இறங்குதுறையில் நின்றிருந்த மியூன்ஷன் என்ற ஜெர்மானியப் பயணிகள் கப்பலின் சரக்கறையில் தீப்பற்றியது. அருகில் நின்று பணியாற்றிய தாமஸ் வில்லெட் என்ற தீயணைப்புப் படகின் வழிச்செலுத்துநர் ஜான் ஜே. ஹார்வி, கப்பலில் நிகழ்ந்த வெடிப்பில் உயிரிழந்தார். (அக்கப்பல் பின்னர் செப்பனிடப்பட்டு ஜெனரல் ஃபோன் ஸ்டொய்பன் எனப் பெயர் மாற்றப்பட்டது. 1945 பிப்ரவரியில், அகதிகளையும் காயமுற்ற வீரர்களையும் ஏற்றிச்செல்கையில் பால்டிக் கடலில் சோவியத் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட கப்பல் இதுவே.) அடுத்த ஆண்டு புரூக்ளினில் கட்டப்பட்ட புதிய படகுக்கு ஹார்வியின் பெயர் சூட்டப்பட்டது.

130 அடி நீளமுள்ள ஜான் ஜே. ஹார்வி, இத்துறையில் நீராவியை விடுத்து உள்ளெரி இயந்திரங்களால் இயங்கிய முதல் பெரிய படகு. பெட்ரோல் இயந்திரங்கள் மின்னாக்கிகளைச் சுழற்றின. அம்மின்சாரத்தால் உந்துசுழலி மோட்டார்கள் இயங்கின. நீரை முழு அளவில் பீய்ச்சிக்கொண்டே நகரவும் திரும்பவும் இப்படகால் முடிந்தது. 1957 இல் பெட்ரோல் இயந்திரங்கள் நீக்கப்பட்டு டீசல் இயந்திரங்கள் பொருத்தப்பட்டன.

1938 இல் ஸ்டேட்டன் தீவில் கட்டப்பட்ட ஃபயர் ஃபைட்டர் அடுத்த படி. 134 அடி நீளமும் நிமிடத்துக்கு 20,000 கலன் திறனும் கொண்ட இதை வடிவமைத்தவர் வில்லியம் பிரான்சிஸ் கிப்ஸ். 1952 இல் அட்லாண்டிக் கடலைக் கடந்த வேகத்தில் சாதனை படைத்த யுனைட்டட் ஸ்டேட்ஸ் என்ற பயணிகள் கப்பலும் இவருடைய வடிவமைப்பே. அக்கப்பலில் எரியக்கூடிய பொருள்களைப் பெரும்பாலும் தவிர்த்த கிப்சுக்குத் தீயைப் பற்றிய அக்கறை வாழ்நாள் முழுவதும் இருந்தது.

நார்மண்டியும் எல் எஸ்டெரோவும்

இரண்டாம் உலகப்போரின் போது பதினான்கு மாத இடைவெளியில் நடந்த இரு தீவிபத்துகள் இப்பிரிவின் வரலாற்றில் இணையாக வைத்துப் பேசப்பட வேண்டியவை. இரண்டிலும் ஹார்வியும் ஃபயர் ஃபைட்டரும் பங்கேற்றன. இரண்டிலும் கப்பல் மூழ்கியது. ஒன்று பெரும் இழப்பு. மற்றொன்று பெரும் வெற்றி.

நார்மண்டி, 1,000 அடிக்கு மேல் நீளமுள்ள பிரெஞ்சுப் பயணிகள் கப்பல். அமெரிக்க அரசு அதைக் கைப்பற்றி லஃபயெட் எனப் பெயரிட்டு, படைவீரர்களை ஏற்றும் கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தது. 1942 பிப்ரவரி 9 பிற்பகலில், 88 ஆம் இறங்குதுறையில் நின்றிருந்தபோது, உலோகம் வெட்டிய சுடரின் பொறி குவித்து வைத்திருந்த மிதவைச் சட்டைகளில் விழுந்தது. கப்பலின் தீக்கண்காணிப்பு அமைப்பு அப்போது செயலில் இல்லை. கப்பலின் பிரெஞ்சு இணைப்பிகளோடு நகரத் தீயணைப்புக் குழாய்கள் பொருந்தவில்லை. கரையிலிருந்தும் ஆற்றிலிருந்தும் பல மணி நேரம் நீர் கொட்டப்பட்டு, மாலையில் தீ கட்டுக்குள் வந்தது.

ஆனால் நீர் மேல்தட்டுகளிலேயே தேங்கியது. உயரத்தில் சேரும் எடை கப்பலின் நிலைப்பைக் குறைக்கும். தட்டின் மேல் தடையின்றி அலையும் நீர், கப்பல் சற்றே சாய்ந்ததும் அந்தப் பக்கமே ஓடிச் சாய்வை மேலும் கூட்டும். கப்பலை வடிவமைத்த விளாதிமிர் யூர்கெவிச் அன்று நியூயார்க்கிலேயே இருந்தார். அடிப்புற அடைப்பான்களைத் திறந்து கப்பலை நேராக ஆற்றின் தரையில் அமரவிடலாம் என்பது அவரது யோசனை. அது ஏற்கப்படவில்லை. மறுநாள் அதிகாலை 2:45 மணியளவில் நார்மண்டி இடப்புறமாகக் கவிழ்ந்தது. பின்னர் பெருஞ்செலவில் நிமிர்த்தப்பட்டும் பயன்படாமல் பழைய இரும்பாக விற்கப்பட்டது. தீயை அணைத்த நீரே கப்பலைக் கவிழ்த்தது என்பதால், எவ்வளவு நீர் பீய்ச்சுவது என்பதோடு அந்நீர் எங்கே போகும் என்பதையும் கணக்கிட வேண்டும் என்ற பாடத்துக்கு இது இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

1943 ஏப்ரல் 24 மாலை, ஜெர்சி நகரின் கேவன் பாயிண்ட் துறையில் வெடிபொருள் ஏற்றி முடித்திருந்த எல் எஸ்டெரோ என்ற சரக்குக் கப்பலின் கொதிகலன் அறையில் எண்ணெய்த் தீ மூண்டது. கப்பலில் சுமார் 1,365 டன் வெடிபொருள். அருகிலிருந்த கப்பல்களிலும் சரக்கு ரயில் பெட்டிகளிலும் இருந்ததைச் சேர்த்தால் 5,000 டன் அளவு. 1917 இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் சுமார் 2,900 டன் வெடித்தபோது ஏறத்தாழ 2,000 பேர் இறந்ததை நினைவிற்கொண்டால், அன்று நியூயார்க் எதிர்நோக்கிய ஆபத்தின் அளவு புலப்படும்.

கப்பலை மூழ்கடிப்பதே வழி. ஆனால் அதற்கான அடைப்பான்கள் தீயின் நடுவே இருந்தன. எனவே இழுவைப் படகுகள் எரியும் கப்பலை ஆழமான இடத்துக்கு இழுத்துச் சென்றன. கடலோரக் காவல்படையின் தன்னார்வலர்கள் கப்பலிலேயே நின்று குண்டுகளின் மேல் நீர் பாய்ச்சினர். இரு தீயணைப்புப் படகுகளும் உடன்சென்று, சரக்கறைகளை நிரப்பின. நார்மண்டியில் கேடாய் முடிந்த செயல் இங்கே நோக்கமாயிற்று. இரவு சுமார் 9 மணிக்கு எல் எஸ்டெரோ ராபின்ஸ் ரீஃப் அருகே அமிழ்ந்தது. வெடிப்பு நிகழவில்லை. நிகழாத பேரழிவு என்பதாலோ என்னவோ, நார்மண்டியை அறிந்தவர்களுள் பலர் இதை அறியார்.

போருக்குப் பின்

1953 இல், 1904 ஆம் ஆண்டுப் படகான ஜார்ஜ் பி. மக்கிளெல்லனில் நீராவி வெடிப்பு ஏற்பட்டது. படகைக் காக்கத் தம் இடத்திலேயே நின்ற கடற்பொறியாளர் ஜான் டி. மக்கீன் நீராவியால் வெந்து உயிரிழந்தார். அடுத்த ஆண்டு கட்டப்பட்ட, நிமிடத்துக்கு 19,000 கலன் திறனுள்ள படகு அவர் பெயரைப் பெற்றது. அப்போது துறையிடம் நிலக்கரியில் இயங்கிய படகும் மீதமிருந்தது: 1903 ஆம் ஆண்டின் ஏப்ரம் எஸ். ஹெவிட் 1958 வரை நீடித்தது.

1973 ஜூன் 2 அன்று நள்ளிரவுக்குப் பின், சீ விட்ச் என்ற கொள்கலக் கப்பல் சுக்கான் செயலிழந்து, ஸ்டேட்டன் தீவை ஒட்டி நங்கூரமிட்டிருந்த எஸ்ஸோ பிரஸ்ஸல்ஸ் என்ற எண்ணெய்க் கப்பலின் மீது மோதியது. கசிந்த எண்ணெய் நீரின் மேலேயே எரிந்தது. பிணைந்த இரு கப்பல்களும் வெரசானோ பாலத்தின் அடியே எரிந்தபடி நகர்ந்தன. ஃபயர் ஃபைட்டர் அத்தீயை ஊடுருவிச் சென்று, சீ விட்சின் பின்பகுதியில் ஒதுங்கியிருந்த சுமார் 30 மாலுமிகளை மீட்டது. 16 பேர் இறந்தனர். இச்செயலுக்காக அப்படகுக்கு அமெரிக்க அரசின் வீரக்கப்பல் விருது வழங்கப்பட்டது.

அதே கொள்கலக் கப்பல்கள்தாம் இப்பிரிவு சுருங்கவும் காரணமாயின. பெட்டி பெட்டியாக இறக்கும் சரக்குக்குப் பரந்த திறந்தவெளி தேவை. அது மன்ஹாட்டனில் இல்லை. 1960கள் முதல் வணிகம் நியூ ஜெர்சியின் நுவர்க், எலிசபெத் துறைகளுக்குச் சென்றது. பழைய மர இறங்குதுறைகள் கைவிடப்பட்டு அழிந்தன. 1970களின் நிதி நெருக்கடி எஞ்சிய படகுகளையும் குறைத்தது. எரியத் துறைகளே இல்லாதபோது படகுகள் எதற்கு என்ற கேள்வி பலமுறை எழுந்தது. ஹார்வி 1994 இல் பணியிலிருந்து நீக்கப்பட்டது. 1999 இல் ஏலத்தில் 28,010 டாலருக்கு அதை வாங்கிய தனியார் ஆர்வலர் குழு, பழைய இரும்பாக உடைபடாமல் காத்து, இயந்திரங்களையும் இயங்கும் நிலைக்குக் கொண்டுவந்தது.

2001 செப்டம்பர் 11

உலக வர்த்தக மையக் கட்டடங்கள் விழுந்தபோது மன்ஹாட்டனின் தென்முனையில் இருந்தோருக்கு நீர்வழியே எளிதான வெளியேற்றமாக இருந்தது. படகுத்துறையிலிருந்து மக்கள் மக்கீனின் தளத்தில் நெருக்கியடித்து ஏறினர். சிலர் கரைச்சுவரிலிருந்து குதித்தனர். அவர்களை ஜெர்சி நகரில் இறக்கிவிட்டு மக்கீன் திரும்பியது. தோணிகள், இழுவைப் படகுகள், சுற்றுலாப் படகுகள் எனப் பலவும் சேர்ந்து அன்று ஏறத்தாழ 5,00,000 பேரை ஒன்பது மணி நேரத்தில் வெளியேற்றின.

கரையில் நீர் இல்லை. இடிபாடுகள் நிலத்தடிக் குழாய்களை உடைத்துவிட்டதால் தெருக்குழாய்கள் வறண்டன. மக்கீனும் ஃபயர் ஃபைட்டரும் கரைச்சுவரில் கட்டி நின்று ஆற்று நீரை அனுப்பத் தொடங்கின. உதவிக்காகத் தன்னார்வலர்களுடன் வந்திருந்த ஹார்வி, சுமார் 150 பேரை ஏற்றிக்கொண்டு வடக்கே சென்றுகொண்டிருந்தது. பம்புகள் இயங்குமா என்று தீயணைப்புத் துறை வானொலியில் கேட்டது. இயங்கும் என்று விடை வந்தது. பயணிகளை 40 ஆம் இறங்குதுறையில் இறக்கிவிட்டு அது திரும்பியது. 'கடற்குழு 2' என்ற பழைய பணிப்பெயரும் அதற்குத் திரும்பக் கிடைத்தது.

ஒரு சிக்கல் இருந்தது. தளத்து நீர்பீய்ச்சிகளை அடைத்தால்தான் குழாய்களுக்கு அழுத்தம் கிடைக்கும். பழைய படகில் அதற்கான சில அடைப்பான்கள் இல்லை. பீய்ச்சிகளின் வாயில் குளிர்பானப் புட்டிகளை அடித்துச் செருகி, நீரைக் குழாய்களுக்குத் திருப்பினர். மூன்று படகுகளும் சுமார் 80 மணி நேரம் நீர் இறைத்தன. இறங்குதுறை, கப்பல் எனக் கரையோரத் தீக்காகக் கட்டப்பட்ட இப்படகுகளின் மிக நீண்ட பணி, கரையிலிருந்து பல நூறு அடி உள்ளே எரிந்த கட்டடங்களுக்காக அமைந்தது.

அண்மைக்காலப் படகுகள்

2001 தாக்குதலில் இறந்த தீயணைப்புத் துறையினரின் எண்ணிக்கையைப் பெயராகக் கொண்ட த்ரீ ஃபார்ட்டி த்ரீ (343) 2010 இல் பணியில் சேர்ந்தது. ஃபுளோரிடாவில் கட்டப்பட்ட இதன் நீளம் 140 அடி. செலவு சுமார் 27 மில்லியன் டாலர். திறன் நிமிடத்துக்கு 50,000 கலன், அதாவது சுமார் 1,89,000 லிட்டர். நச்சு வாயுவோ கதிரியக்கத் துகளோ உள்ளே புகாதபடி காற்றழுத்தம் காக்கப்படும் அறைகள் இதில் உள்ளன. உலக வர்த்தக மையத்தின் எஃகிலிருந்து வெட்டிய தகடு இப்படகில் பதிக்கப்பட்டுள்ளது. இதே வகையிலான ஃபயர் ஃபைட்டர் 2 அதே ஆண்டில் ஸ்டேட்டன் தீவுக்கு வந்தது. இவற்றுக்கு இடம்விட்டு, பழைய ஃபயர் ஃபைட்டர் 72 ஆண்டுப் பணிக்குப் பின்னும் மக்கீன் 56 ஆண்டுப் பணிக்குப் பின்னும் ஓய்வுபெற்றன. தம் பணியின் இறுதிக்காலத்தில், 2009 ஜனவரி 15 அன்று ஹட்சன் ஆற்றில் பயணிகள் விமானமொன்று இறங்கியபோது மக்கீன் அங்கே விரைந்தது. 2001 இல் உயிரிழந்த உயரதிகாரி வில்லியம் எம். ஃபீஹன் பெயரிலான, 66 அடி நீளமுள்ள சிறிய படகு 2015 இல் சேர்ந்தது.

பழைய படகுகள் மூன்றும் உடைக்கப்படவில்லை. ஃபயர் ஃபைட்டர் 1989 இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, ஓய்வுக்குப் பின் அருங்காட்சியக அமைப்பொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. மக்கீனையும் ஹார்வியையும் தனித்தனித் தன்னார்வ அமைப்புகள் பேணுகின்றன. இரண்டும் அமெரிக்காவின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் உள்ளன. ஹார்வியின் 2001 பணி 2002 இல் மைரா கால்மன் எழுதி வரைந்த சிறுவர் படநூலுக்குப் பொருளாயிற்று. 2018 இல், முதல் உலகப்போர் முடிந்த நூற்றாண்டை ஒட்டி, அப்போரில் நீர்மூழ்கிகளின் கண்ணை ஏமாற்றக் கப்பல்களுக்குப் பூசிய கோலத்தைப் போன்றதொரு சிவப்பு வெள்ளைக் கோலம் ஹார்வியின் மேல் தீட்டப்பட்டது.